எஸ். மரகதம், 2018

சாயங்காலம் ஐந்து மணிக்குள் கட்டுரையின் கோட்பாட்டுப் பின்னணியைத் திருத்தி ஆய்விதழுக்கு அனுப்பியாக வேண்டும். மணி பதினொன்று இருபது ஆகிவிட்டது, காலையிலிருந்து செண்பகவடிவு எழுதியது ஒரே ஒரு வாக்கியம், அதையும் எழுதிவிட்டுப் பாலில் பல்லி விழுந்துவிட்டதுபோல முகத்தைச் சுளித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பதிலி இருப்பு என்னும் கருத்தாக்கத்தைத் தெய்வசிகாமணி (2021) முதன்முதலில் முன்வைத்தார்.' முதன்முதலில். இந்தக் கைதான் தட்டியது, வேறு யாரும் வந்து தட்டவில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் முதல் மாடியில் பழைய ஆய்வேடுகளைச் சிவப்பு ரெக்சின் அட்டை போட்டு அடுக்கியிருக்கும் மூலை இது, ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள், மின்விசிறி மூன்றாவது சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று ஒரு சத்தம் போடும், அதை எண்ணிக்கொண்டே ஏழு வருஷம் போய்விட்டது. கட்டுரை அவளுடையது, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது, இரண்டு மதிப்பீட்டாளர்கள் படித்தார்கள், முதலாமவர் நல்லவர், எழுத்துப் பிழைகளோடு நிறுத்திக்கொண்டார். இரண்டாமவர்தான், 'களத் தரவுகள் செறிவானவை, ஆனால் கோட்பாட்டுப் பின்னணி பலவீனமாக உள்ளது, இத்துறையின் முன்னோடிகளான மரகதம் (2018), தெய்வசிகாமணி (2021) ஆகியோரை ஆசிரியர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை' என்று எழுதியிருந்தார். முன்னோடிகளாம். அந்த வரியை முதல் தடவை படித்தபோது வடிவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது, அது நடந்து பத்து நாள் ஆகிறது. தெய்வசிகாமணி அவளுடைய நெறியாளர். மரகதம் என்று ஒருத்தி கிடையவே கிடையாது.

கிடையாது என்றும் சொல்ல முடியாது, இருக்கிறாள், கடலோர ஊரில் தெற்குத் தெருவில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டு இருக்கிறாள், பேர் மட்டும் வேறு. இரண்டாயிரத்துப் பதினெட்டு மே மாதம், மூன்று நாளைக்கு ஒரு தடவை லாரி வரும் தெரு, விடிவதற்கு முன்னாலேயே குடங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிடும், பெண்கள் ஒருத்தியும் இருக்க மாட்டாள், சமையலுக்கும் பிள்ளைகளைக் கிளப்புவதற்கும் போய்விடுவார்கள். வெயிலில் நாற்பது ஐம்பது காலிக் குடங்கள், பச்சையும் ரோஸும் நீலமுமாக, ஒன்றின் கழுத்தில் கிழிந்த சேலைத் துண்டு, ஒன்றின் வயிற்றில் நகச்சாயத்தில் ஒரு சிலுவை, ஆள் யார் என்று தெருவுக்கே தெரியும். சிலுவை போட்ட நீலக் குடத்துக்காரி, இந்த ஃபால்ஸ் அடிக்கிறவள்தான் சொன்னாள், நான் வரலன்னாலும் என் கொடம் நிக்கும் டீச்சர், அதத் தள்ளி வெச்சா என்னயத் தள்ளி வெச்ச மாதிரிதான். தள்ளி வைத்தால் என்ன செய்வீர்கள் என்று வடிவு கேட்டாள். கவுத்திருவோம் என்றாள். யார் நம் குடத்தைத் தள்ளி அந்த இடத்தில் தன் குடத்தை வைத்தாளோ அவள் குடத்தைத் தூக்கி எறியக் கூடாது, பின்னால் கொண்டுபோய் வைக்கவும் கூடாது, அதே இடத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், வருகிறவள் போகிறவள் எல்லாரும் பார்ப்பார்கள், குடத்துக்காரி வந்து எல்லார் கண் முன்னாலும் நிமிர்த்தியாக வேண்டும், அந்த அவமானம் போதும். வடிவு கைபேசியில் பதிவு செய்துகொண்டாள், பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்தாள், பஸ்ஸில் கூட்டம், வெளியில் நின்ற ஒருவர் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இருக்கையைப் பிடித்தார், அந்தக் கைக்குட்டை அங்கே தெம்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது அவளுக்கு அந்தச் சொல் வந்தது. பதிலி இருப்பு. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினாள். அந்த டிக்கெட் இன்னும் இருக்கிறது, குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள், எழுத்து மங்கிவிட்டது, தேவைப்பட்டால் காட்டலாம், யாரிடம் காட்ட, யார் கேட்டார்கள்.

மரகதம் வந்தது அவளுடைய ஒரு பழக்கத்தால்தான். கள ஆய்வில் பேசியவர்களின் நிஜப் பேரைப் போடக் கூடாது, புனைபெயர் வைக்க வேண்டும், அது ஆய்வு ஒழுக்கம், வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எல்லாரும் தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்று போட்டுவிட்டுப் போவார்கள், வடிவுக்கு அது பிடிக்காது, மனுஷியை எண்ணாக்கவா என்று ஆளுக்கொரு பேர் வைத்தாள், எந்தத் தெரு என்று மறக்காமலிருக்க முன்னால் ஒரு இங்கிலீஷ் எழுத்து வைத்தாள், பேட்டி எடுத்த வருஷத்தை அடைப்புக்குறிக்குள் போட்டாள். சவுத் ஸ்ட்ரீட், எனவே எஸ். மரகதம் (2018). அப்படியே வரைவில் எழுதி, இரண்டாயிரத்துப் பத்தொன்பது பிப்ரவரியில், சார் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க என்று தெய்வசிகாமணியிடம் கொடுத்தாள். பதினோரு மாதம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ஒரு கருத்தரங்கில் சார் பேசினார். சாருக்கு மடிக்கணினியில் ஸ்லைடு மாற்ற வராது, அவள்தான் மேடைக்குக் கீழே உட்கார்ந்து மாற்றினாள், அவர் 'அடுத்தது' என்பார், அவள் தட்டுவாள். நான்காவது 'அடுத்தது'க்கு அவளுடைய பத்தி வந்தது. அவளுடைய சொல், அவளுடைய கமா, அவள் விட்ட ஒரு ஒற்றுப் பிழைகூட அப்படியே. அடியில் 'மரகதம் (2018) சுட்டிக்காட்டுவதுபோல' என்று இருந்தது. சார் விளையாடுகிறார், இப்போது சிரிப்பார், இது என் மாணவியின் களக்குறிப்பு என்பார் என்று அவள் காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் மரகதத்தின் பேரைக் குறித்துக்கொண்டார்கள். முடிந்ததும் கேசரித் தட்டோடு நின்றவரிடம் போய், சார், அந்த மரகதம், என்று ஆரம்பித்தாள். ஆமா, நல்ல ஒர்க்கு, அந்தப் பொண்ணு எந்த யுனிவர்சிட்டி, என்று கேட்டார் தெய்வசிகாமணி.

தெரியல சார். அதுதான் அவள் சொன்ன பதில். நாலு வருஷமாகப் பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், அரிசி களையும்போது, திடீரென்று அந்தப் பதில் வந்து நிற்கும். மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். சார், அது ஆய்வாளர் இல்லை, தையல்காரம்மா. சார், நீங்கள் படிக்கவே இல்லை, படிக்காமலேயே எடுத்துக்கொண்டீர்கள். திருடுகிறவன்கூட எடுக்கிற பண்டத்தைத் திருப்பிப் பார்ப்பான் சார். கண்ணாடி முன்னால் எல்லாம் பிரமாதமாக வருகிறது. அந்த இடத்தில் வந்தது தெரியல சார். ஏன் என்றால் கையெழுத்து. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் 'இது என் மேற்பார்வையில் செய்யப்பட்ட அசல் ஆய்வு எனச் சான்றளிக்கிறேன்' என்று அவர் கையெழுத்துப் போட வேண்டும், அது இல்லாமல் ஏழு வருஷமும் பழைய பேப்பர். அந்தக் கையெழுத்துக்காகத் துறையில் அவர் அறை வாசலில் ஒரு பெஞ்சு, ஆய்வு மாணவர்கள் எல்லாரும் ஃபைலை அதில் வரிசையாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள், முதல் ஃபைல் யாருடையதோ அவர் முதலில் உள்ளே போகலாம், இதையெல்லாம் பார்த்து எழுதுவதற்குக் கடலோர ஊருக்கா போக வேண்டும் என்று அவளுக்கே தோன்றியதுண்டு. இரண்டாயிரத்து இருபத்தொன்றில் சாரின் கட்டுரை அச்சில் வந்தது. கடைசிப் பட்டியலில் 'மரகதம், எஸ்., 2018, வெளியிடப்படாத முனைவர் பட்ட ஆய்வேடு' என்று ஒரு வரி. பட்டமே கொடுத்துவிட்டார்! எனக்குக் கொடுக்காத பட்டத்தை இல்லாதவளுக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒருவர் மரகதத்தை மேற்கோள் காட்டினார், அவரைப் பார்த்து இன்னொருவர், போன வாரம் எண்ணியபோது பதினோரு கட்டுரைகள். ஒருவர் மரகதத்தோடு முரண்படக்கூடச் செய்கிறார், 'மரகதத்தின் பார்வை சற்று மிகையானது' என்கிறார். ஆக, மரகதத்துக்கு எதிரிகள்கூட இருக்கிறார்கள், வடிவுக்கு ஒரு பின்குறிப்புகூட இல்லை.

கைபேசி மேசையில் நடுங்கியது. சார். நினைத்த மாத்திரத்தில் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. எழுந்து அலமாரிகளின் பின்னால் போய் எடுத்தாள். "என்னம்மா வடிவு, அனுப்பிட்டியா?" "எழுதிட்டு இருக்கேன் சார், அஞ்சுக்குள்ள அனுப்பிருவேன்." "ரிவ்யூவர் என்னமோ தியரி வீக்குன்னு சொல்லிருந்தாம்லா, என் பேப்பர மேற்கோள் காட்டிரு, அவன் வாய் அடைஞ்சிரும். பொறவு, என் பேர முதல்ல போட்டுரு, புரமோஷன் கமிட்டி வருது." "சார், தியரி பகுதிய மட்டும் ஒரு தடவ படிச்சுப் பாத்துருங்களேன். மெயில்ல அனுப்புதேன்." "எனக்கு எங்கம்மா நேரம். நீ பாத்துக்க." "நாலு பக்கந்தான் சார்." "ஏளு வருஷமா எங்கிட்ட இருக்க, ஒனக்குத் தெரியாததா. பாஸ்வேர்டுதான் ஒங்கிட்ட இருக்குல்லா, ஜர்னல் சைட்டுல எனக்கு வர்ற அப்ரூவலையும் நீயே தட்டி விட்டுரு." வைத்துவிட்டார். ஆய்வு மாணவி எதை எழுதினாலும் நெறியாளர் பேரும் சேர்ந்து போகும், அது எழுதப்படாத சட்டம், படிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வடிவு அலமாரியில் சாய்ந்துகொண்டாள். ரெக்சின் வாடை. படிக்க மாட்டார். அவர் பேரிலேயே போகும், அவர் படிக்கவே மாட்டார். அந்த எண்ணம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது, இறங்கியதும் இனித்தது, அப்படி ஒரு இனிப்பு.

அடிக்குறிப்பு. கோட்பாட்டுப் பின்னணி என்பது வரிசைதானே, எனக்கு முன்னால் இன்னார் நின்றார், அவருக்கு முன்னால் இன்னார் நின்றார், இந்த இடைவெளியில் நான் என் குடத்தை வைக்கிறேன் என்று சொல்வதுதானே. சரி, சார் குடம் அங்கேயே இருக்கட்டும். அவர் கேட்டபடி மேற்கோள் காட்டுவேன், கேட்டபடி அவர் பேரை முதலில் போடுவேன், அந்த வாக்கியத்தின் கடைசியில் எறும்பு மாதிரி ஒரு சின்ன மூன்று, கீழே மூன்றாம் அடிக்குறிப்பு, அதில் கவிழ்ப்பேன். தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்ட பேராசிரியர்! கமிட்டி வரட்டும், படிக்கட்டும். மதியம் ஆனது தெரியவில்லை, எலுமிச்சைச் சோற்று டப்பாவைத் திறந்து இடது கையால் தட்டிக்கொண்டே தின்றாள், கடுகு பல்லிடுக்கில் மாட்டியது, இங்கே சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதிப்போட்டிருக்கிறது, போட்டிருக்கட்டும். 'மரகதம் என்றொரு அறிஞர் இல்லை, இது வெட்கக்கேடு' என்று முதலில் வந்தது, வேண்டாம், கோபம் தெரிகிறது, கோபம் தெரிந்தால் பொம்பளை அழுகிறாள் என்பார்கள். 'மரகதம் (2018) என்பது கள ஆய்வில் பங்கேற்ற ஒருவரின் புனைபெயர், அது தெய்வசிகாமணியின் (2021) கட்டுரையில் கவனக்குறைவாக ஆய்வாளர் பெயராகக் குறிக்கப்பட்டுவிட்டது.' இது நன்றாக இருந்தது, செயப்பாட்டு வினை மாதிரி கூரான கத்தி கிடையாது, யார் குத்தினார்கள் என்றே தெரியாது. ஆனால் அந்த 'கவனக்குறைவாக'. எடுத்தாள். எடுத்ததும் வாக்கியம் அம்மணமாக நின்றது. திரும்பச் சேர்த்தாள். எதற்கு நான் அவருக்குச் சட்டை போட்டுவிட வேண்டும், என் பத்தியை மடித்துப் பையில் போட்டது கவனக்குறைவா, கேசரியை மட்டும் கவனமாகத் தின்றாரே. எடுத்தாள். அந்த ஒரு சொல்லோடு அரை மணி நேரம் போயிற்று. சிரித்துக்கொண்டே இருந்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

இடறியது வேறு இடத்தில். 'பங்கேற்ற ஒருவரின் புனைபெயர்' என்று எழுதினாளே, அந்த ஒருவர். பேட்டியெல்லாம் முடிந்து ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது அவள் கேட்டாள், ஏன் டீச்சர், எம்பேரப் போட மாட்டீயளா. பாதுகாப்புக்காக மாற்றித்தான் போடுவோம் அக்கா என்றாள் வடிவு. பேர ஒளிச்சு வைக்க நான் என்ன களவாண்டனா என்றாள். அப்போது அதை நகைச்சுவை என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தாள், பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்கூட வரைந்த ஞாபகம். என் சொல், என் கருத்தாக்கம் என்று நாலு வருஷமாகப் பொருமுகிறேனே, பஸ் டிக்கெட்டில் எழுதியது நான்தான், பஸ் ஏறுவதற்கு முன்னால் சொன்னது யார். சாரை ஏசுவதற்கு வாயைத் திறந்தால் அந்த வாய் தன் பக்கமும் திரும்புகிறது. இல்லை, இரண்டும் ஒன்றில்லை, நான் கேட்டுத்தான் எழுதினேன், படிவம் இருக்கிறது. படிவம் அவரிடமும் இருக்கும், நான் சேரும்போதே அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எண்ணைத் தேடி எடுத்தாள், 'ஜெபக்கனி அக்கா குடம்' என்று பதிந்து வைத்திருந்தது இன்னும் இருந்தது. ஒப்புதல் கேட்பதற்காகத்தான் கூப்பிடுகிறேன், வேறொன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மணி இரண்டு.

"யாரு, கொடத்து டீச்சரா? எம்மா, உசுரோடதான் இருக்கீயளா?" ஜெபக்கனியின் குரலுக்குப் பின்னால் தையல் மிஷின் ஓடியது. மகள் கலியாணத்துக்குக் கூப்பிட்டதற்கு வரவே இல்லையே என்று ஒரு பாட்டம் ஏசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். வடிவு சொன்னாள், தயங்கித் தயங்கி ஆரம்பித்து அப்புறம் மடமடவென்று, ஸ்லைடு, கேசரி, மரகதம், பட்டம், பதினோரு கட்டுரை, எல்லாம். ஜெபக்கனி சிரித்தாள், மிஷினையும் மீறிச் சிரித்தாள். "என்னய டாக்டருன்னு நெனச்சுட்டாரா ஒங்க வாத்தியாரு? நான் எட்டாங்கிளாஸ்ல கணக்குல பெயிலு டீச்சர். பதினோரு பேருல ஒருத்தங்கூடவா யாரு இந்த மரகதம்னு கேக்கல?" "கேக்கலக்கா." "நல்லாத்தான் படிச்சிருக்கீய எல்லாரும். சரி, ஒங்க கொடத்தத் தள்ளிட்டு அவரு கொடத்த வெச்சிட்டாரு, அப்படித்தான? நாலு வருசமா என்ன பண்ணிட்டு இருந்தீய?" வடிவு அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு, "இன்னைக்கு அவர் குடத்தக் கவுத்தப் போறேங்கா" என்றாள், அவர் பேரிலேயே போகிறது, அவர் படிக்கவே மாட்டார், அச்சில் வந்த பிறகுதான் தெரியும் என்று குரலில் பெருமை ஒழுகச் சொன்னாள். மிஷின் நின்றது. "அவருக்குத் தெரியாமயா?" "ஆமா." "அதுக்குப் பேரு கவுக்கறது இல்ல டீச்சர்."

"அன்னைக்கு நீங்கதானக்கா சொன்னீங்க." "சொன்னேன், பாதி கேட்டுட்டுப் பன்னெண்டர பஸ்ஸுன்னு ஓடுனீயள்ல. கவுத்தவ அங்கனயே நிக்கணும். கொடத்துக்காரி வார வரைக்கும் நிக்கணும், அடுப்புல சோறு கொழஞ்சாலும் சரி. அவ வந்து யாரு கவுத்ததுன்னு கேப்பா, நான்தாம்னு சொல்லணும். அவ ஏசுவா, நாமளும் ஏசணும், பொறவு அவ கையால நிமித்தணும். கவுத்துப்போட்டு வீட்டுக்குள்ள போயிட்டம்னா, ஏதோ நாயி தட்டிருச்சுன்னு நிமித்தி வெச்சிட்டுப் போயிட்டே இருப்பா. நாய் பண்ணுன வேலையத்தான் நாம பண்ணுனோம்னு ஆயிரும்." வடிவு இந்தத் தடவை முழுவதையும் குறித்துக்கொண்டாள். "இன்னொண்ணு, அந்த மரகதத்த எடுத்துப்போடுங்க. எங்க தெருவுலயே ஒரு மரகதம் இருக்கா, சரியான வாயாடி, அவ பேரா எனக்குக் கெடச்சுது? ஜெபக்கனின்னு போடுங்க, தெருப் பேரும் சேத்துப் போடுங்க, எங்க மாமியா படிச்சுப் பாக்கட்டும்." அதையே குரல் பதிவாக அனுப்பச் சொன்னாள் வடிவு, ஒப்புதலுக்கு வேண்டும் என்றாள். இரண்டு நிமிஷத்தில் வந்தது. நான் தெற்குத் தெரு ஜெபக்கனி, நான் சொன்னத நான்தான் சொன்னேன், எம்பேரப் போட எனக்குச் சம்மதம், இவ்வளவுதான், பின்னால் குக்கர் ஒரு விசில்.

பாதி கேட்டுட்டு ஓடுனீயள்ல. பண்புசார் ஆய்வு என்று ஏழு வருஷம் படித்தவள், பொறுமையாக உட்கார்ந்து கேட்பதுதான் முறையியல் என்று நாற்பது பக்கம் எழுதியவள், பிறகு என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்காமல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். சார் படிக்காமல் எடுத்தார், நான் கேட்டு முடிக்காமல் எடுத்தேன். இருக்கட்டும், அதற்காக அவர் நல்லவராகிவிட மாட்டார், கோபம் ஒரு சொட்டுக் குறையவில்லை, உண்மையில் கூடியிருந்தது, இதுவரை உதட்டோரத்தில் இருந்தது இப்போது முதுகுத்தண்டில் ஏறி நின்றது. நிற்க வேண்டுமாம். கண் முன்னால் நின்றால் கையெழுத்து போய்விடும். நெறியாளரை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தால் விசாரணை, விசாரணைக்குள் வருஷம் ஓடிவிடும், ஆய்வுக்குரிய கெடுவும் ஓடிவிடும், முப்பத்தாறு வயதில் என்ன படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால் பாதி படித்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்க்காமல் இருப்பாள், அதுதான் தாங்காது. மறைந்திருந்து குத்தினால் குத்தும் ஆகும், ஒருவேளை பட்டமும் கிடைக்கும், அச்சாவதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம். வாங்கிவிடலாம். அப்போதும் அவர் வந்து, யார் எழுதியது என்று கேட்பார், அவள் என்ன சொல்வாள். என்ன சொல்வாள் என்று வடிவுக்கு நன்றாகத் தெரியும். தெரியல சார். மின்விசிறி டக் என்றது.

காலையில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை அழித்தாள். அழித்த பிறகு கை நிற்கவில்லை, ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நாலு பக்கம் ஓடியது, வெளிநாட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் தங்கள் பத்தியில் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்கள், முதல் வரியில் வேறு ஆள். 'நான் வராவிட்டாலும் என் குடம் நிற்கும் என்கிறார் தெற்குத் தெரு ஜெபக்கனி. இக்கட்டுரையின் கோட்பாடு இந்த வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது.' தெய்வசிகாமணி (2021) தன் இடத்தில், இரண்டாம் பத்தியில், அசையாமல் இருந்தார், தலைக்கு மேல் அந்தச் சின்ன மூன்று. கீழே எழுதினாள்: 'பதிலி இருப்பு என்னும் சொல்லைச் செண்பகவடிவு 2019 பிப்ரவரியில் தன் நெறியாளரிடம் கொடுத்த வரைவில் பயன்படுத்தினார். அந்த வரைவைத் தெய்வசிகாமணி தன் 2021ஆம் ஆண்டுக் கட்டுரையில் தன் பெயரில் எடுத்தாண்டார். அதில் அவர் ஆய்வாளராகக் காட்டும் எஸ். மரகதம், ஜெபக்கனிக்குச் செண்பகவடிவு வைத்த புனைபெயர். அப்படி ஓர் ஆய்வேடு கிடையாது.' செயப்பாட்டு வினை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டாள், கவனக்குறைவு வரவே இல்லை, அதற்கு இடமும் இல்லை. ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் தன் பேரை முதலில் போட்டாள், அவர் பேரை இரண்டாவதாக. பதிவேற்றினாள். இரண்டாம் ஆசிரியரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறது என்று திரையில் வந்தது. அவருடைய கடவுச்சொல் அவள் விரலுக்கு மனப்பாடம், அவர் பேரப்பிள்ளையின் பேரும் பிறந்த வருஷமும், அவரே தட்டிவிடச் சொன்னார், இரண்டு தடவை கேட்டேன் சார், இரண்டு தடவையும் முடியாது என்றது நீங்கள்தான். விரல் விசைப்பலகை மேல் நின்றது. பிறகு மடிக்கணினியை மூடினாள்.

கீழே ஜெராக்ஸ் கடையில் நாலு பக்கத்தையும் அச்செடுத்தாள், மணி நாலு பத்து. துறைக்கு வேப்பமரங்களின் கீழே நடந்தாள், திரும்பிவிடலாம், இப்போதுகூடத் திரும்பிவிடலாம், ஜெபக்கனிக்கு என்ன தெரியப்போகிறது. பெஞ்சில் மூன்று ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன, ஃபைல்காரர்களும் வந்து சுவரோரம் நின்றிருந்தார்கள், அக்கா லைன் இருக்கு என்றான் ஒருவன். "நான் லைன்ல வரல" என்றாள் வடிவு. ஃபைல் வைக்கவில்லை, உட்காரவும் இல்லை, கதவு நிலையை ஒட்டி நின்றாள். சார் டீ குடித்துவிட்டுக் கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, அனுப்பிட்டியா?" "அனுப்பிட்டேன் சார். ஒங்க அப்ரூவல் மட்டும் பாக்கி." "அதத்தான் நீயே தட்டச் சொன்னேம்லா." "தட்ட மாட்டேன் சார். நீங்க படிச்சிட்டுத் தட்டுங்க, இல்ல தட்டாதீங்க. ரெண்டாவது பக்கம், மூணாவது அடிக்குறிப்பு. எழுதுனது நான்தான்." சுவரோரம் நின்ற மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். தெய்வசிகாமணி அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "உள்ள வெச்சிட்டுப் போம்மா, பொறவு பாக்கேன்." "இல்ல சார். நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்." அவர் சட்டைப் பையைத் தடவினார், கண்ணாடி அங்கே இல்லை, உள்ளே மேசை மேல் இருந்தது. வடிவு போய் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அதே இடத்தில் வந்து நின்றாள். அவர் மாட்டிக்கொண்டார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் எழுதியதை அவர் படிக்க ஆரம்பித்தார்.